லிஃப்டுக்குள் நிற்கும் மனிதர்

மேல்நிலை வகுப்பு இயற்பியல் புத்தகத்தில் ஒவ்வொரு பாடத்தின் கடைசியிலும் கொஞ்சம் மனிதர்கள் குடியிருந்தார்கள். ஒருவன் கோபுரத்தின் உச்சியிலிருந்து கல்லை நழுவ விடுவான். ஒருவன் ஆற்றுக்குக் குறுக்கே படகு விடுவான். இரண்டு பேர் பனிக்கட்டித் தரையில் நின்றுகொண்டு ஒருவரையொருவர் தள்ளிவிடுவார்கள். லிஃப்டுக்குள் ஒருவர் எடை பார்க்கும் மெஷின் மேல் ஏறி நிற்பார். வேலைவெட்டி இல்லாமல் ஏன் அங்கே போய் நிற்கிறார் என்று யாரும் கேட்பதில்லை. வகுப்பில் மற்றவர்களுக்கு இவர்கள் எல்லாம் வெறும் கணக்கு. விடை கிடைத்ததும் ஆளைக் கைகழுவி விடுவார்கள். மிதப்பு என்று எல்லோரும் கூப்பிடும் பெண்ணால் மட்டும் அப்படி விட முடியவில்லை.

மிதப்பு என்பது அவள் பெயர் இல்லை. தண்ணீரில் அமிழும் பொருளைத் தண்ணீர் எப்படி மேலே தள்ளுகிறது என்று இயற்பியல் டீச்சர் ஒரு பிற்பகல் நடத்திக்கொண்டிருந்தார். ஜன்னலோர பெஞ்சைப் பார்த்து, "நீ சொல்லு, மிதப்புன்னா என்ன?" என்று திடீரென்று கேட்டார். அவள் எழுந்து நின்றாள். எழுந்தது உடம்பு மட்டும்தான், மனசு இன்னும் வெளியே மரத்தின் மேல் இருந்தது. பின்பெஞ்சிலிருந்து ஒரு குரல், "அவதான் டீச்சர்" என்றது. டீச்சரே சிரித்துவிட்டார். அன்றைக்கு ஒட்டிய பெயர் பிறகு உரிந்து வரவே இல்லை.

அவள் அசடு இல்லை. படகுக்காரன் நேர் எதிர்க்கரைக்குப் போக எந்தக் கோணத்தில் துடுப்புப் போட வேண்டும் என்று கேள்வி கேட்டால், எதிர்க்கரையில் யார் காத்திருக்கிறார்கள் என்று அவளுக்குத் தோன்றும். படகில் இன்னும் யாராவது இருக்கிறார்களா, பொழுது சாய்ந்துவிட்டதா, இழுத்துக்கொண்டு போகும் ஆறு அவனுக்குப் பழக்கமான ஆறுதானா என்றெல்லாம் தோன்றும். அவன் பத்திரமாகக் கரை சேர்ந்ததும் அவளுக்கு ஒரு பெருமூச்சு வரும். அதற்குள் மணி அடித்துவிடும். கோணம் எழுதாமலே கிடக்கும்.

ஆனாலும் இயற்பியல் பாடம் என்றால் அவளுக்கு உயிர். காரணத்தை யாரிடமும் சொன்னதில்லை. சின்ன வயதில் மொட்டை மாடியில் பந்தை மேலே எறிந்து பிடித்து விளையாடும்போது, பந்து உச்சிக்குப் போய் ஒரு கணம் யோசித்துவிட்டு இறங்குவதை அவள் பார்த்திருக்கிறாள். அது தனக்கு மட்டுமே தெரிந்த ரகசியம் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். மேல்நிலை வகுப்பில் சேர்ந்த முதல் வாரமே புத்தகத்தில் அது அச்சிட்டு இருந்தது. உச்சியில் வேகம் பூஜ்யம், ஆனால் முடுக்கம் அங்கேயும் உண்டு. எங்கேயோ யாரோ அதே பந்தைப் பார்த்திருக்கிறார்கள்! அன்றிலிருந்து அந்தப் புத்தகத்தைத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் தூங்குவாள்.

அரையாண்டுத் தேர்வில்தான் வினை வந்தது.

கேள்வி சின்னதுதான். லிஃப்டுக்குள் ஒருவர் எடை மெஷின் மேல் நிற்கிறார். லிஃப்டின் கயிறு அறுந்துவிடுகிறது. மெஷின் என்ன காட்டும்?

பக்கத்து வரிசையில் பேனாக்கள் சரசரவென்று ஓடின. மிதப்பின் பேனா மட்டும் நின்றது. லிஃப்டுக்குள் நிற்கும் மனிதர் என்றால் அவளுக்குத் தெரிந்தவர் ஒரே ஒருவர்தான். அவளுடைய அப்பா. ஊர் நடுவில் இருக்கிற பெரிய அலுவலகக் கட்டிடத்தில் அவர் லிஃப்ட் ஆப்பரேட்டர். பழைய லிஃப்ட், இழுத்துச் சாத்தும் கம்பிக் கதவு, பித்தளைக் கைப்பிடி, மூலையில் ஒரு முக்காலி. சாம்பல் நிறச் சட்டையும் மடிப்புக் கலையாத கால்சட்டையுமாகக் காலையில் ஏறி உட்காருவார். நாளெல்லாம் ஊரையே மேலே ஏற்றி இறக்கிவிட்டு, சாயங்காலம் தரைக்கு வருவார்.

அந்தக் கயிற்றை அவளால் அறுக்க முடியவில்லை. விடைத்தாளில் இப்படி எழுதினாள்: "லிஃப்டில் ஒரு கயிறு இல்லை, ஆறு கம்பி வடங்கள் உண்டு. ஆறும் ஒரே நேரத்தில் அறுவதில்லை. அப்படியே அறுந்தாலும் பக்கத்துத் தண்டவாளத்தை பிரேக் கவ்விப் பிடித்துக்கொள்ளும். எனவே அவருக்கு ஒன்றும் ஆகாது. எடை எப்போதும் போலவே காட்டும்."

எழுதி முடித்தபோது நெஞ்சு லேசானது. அப்பாவைத் தானே ஏந்திப் பிடித்துவிட்ட மாதிரி இருந்தது. அந்த நிம்மதியில் அடுத்த இரண்டு கேள்விகளைப் பார்க்கவே மறந்துபோனாள்.

விடைத்தாள் கொடுக்கிற அன்றைக்கு டீச்சர் அந்த விடையை வகுப்பில் உரக்கப் படித்தார். "எனவே அவருக்கு ஒன்றும் ஆகாது" என்ற வரி வந்ததும் வகுப்பே மேஜையைத் தட்டிச் சிரித்தது.

"ஏம்மா, நான் உன்கிட்ட என்ன கேட்டேன், நீ என்ன சொல்லியிருக்கே?" என்றார் டீச்சர். "கயிறு அறுந்துபோச்சுன்னு நானே சொல்லிட்டேன்ல? அப்புறம் பிரேக் எங்கேர்ந்து வந்துச்சு?"

"உண்மையிலேயே இருக்கு டீச்சர்."

"இருக்கட்டும். என் லிஃப்ட்ல இல்ல."

"அப்ப அந்த லிஃப்ட்ல அவர் ஏன் ஏறினார் டீச்சர்?"

மறுபடியும் சிரிப்பு. டீச்சர் சிரிக்கவில்லை. மணி அடித்ததும் அவளை மட்டும் நிறுத்திவைத்தார். கோபக்காரர் இல்லை, களைத்துப்போனவர். புடவை ஓரத்தில் எப்போதும் சாக்பீஸ் தூள் ஒட்டியிருக்கும்.

"இதோ பாரு. அடுத்த வருஷம் பொதுத்தேர்வு. இந்த மார்க்கோட உன்னை நான் மேல தள்ளினா அது உனக்குச் செய்யுற துரோகம். விடுமுறை முடிஞ்சதும் மறுதேர்வு வைக்கிறேன். தேறினா இங்க இரு. இல்லேன்னா வணிகவியல் பிரிவுக்கு மாத்திடலாம். அங்கேயும் நல்லாத்தான் சொல்லித் தர்றாங்க. புரியுதா?"

"புரியுது டீச்சர்."

புரிந்தது. படிக்கட்டில் கால் எங்கே வைக்கிறோம் என்றே தெரியாமல் இறங்கினாள்.

அவள் வீடு இரண்டு அறை. முன்னறையில் பாதியை அம்மாவின் தையல் மெஷினும் காலர் மூட்டைகளும் பிடித்துக்கொண்டிருந்தன. அம்மா ஒரு சட்டைக் கம்பெனிக்குக் காலர் மட்டும் தைத்துக் கொடுப்பவள். உடம்பு வேறொருத்தர், கை வேறொருத்தர், பட்டன் வேறொருத்தர். இந்த வீட்டில் பிறப்பது காலர்தான். உள்புறம் வெளியே வரத் தைத்து, மழுங்கிய குச்சியால் முனையைத் தள்ளித் திருப்பினால், கூராக ஒரு மூக்கு வந்து நிற்கும். அன்று மாலை வீடு முழுக்க அந்த மூக்குகள் பரப்பிக் கிடந்தன.

விஷயத்தைக் கேட்டதும் அம்மா மெஷினை நிறுத்தவில்லை. மெஷின் சத்தத்துக்கு மேலே குரலை ஏற்றினாள்.

"ஆளு யாரு, எவருன்னு நீ ஏன்டி பார்க்கறே? இந்தக் காலரை எவன் கழுத்துல மாட்டப் போறான்னு நான் உட்கார்ந்து யோசிச்சா, ராத்திரிக்கு அடுப்பு எரியுமா?"

"நீ யோசிச்சதே இல்லையாம்மா?"

மெஷின் ஒரு கணம் நின்றது. "கல்யாணமான புதுசுல யோசிச்சிருக்கேன்" என்றாள் அம்மா. "அப்பல்லாம் பாதிக் காலர் கோணலா வரும்." மெஷின் மறுபடி ஓடியது.

அப்பாவுக்கு வேறு வருத்தம். கை கால் கழுவிவிட்டு வந்து தரையில் உட்கார்ந்தவர், விடைத்தாளை வாங்கி அந்த விடையை மட்டும் இரண்டு தடவை படித்தார்.

"சரியாத்தானே எழுதியிருக்கே?"

"முட்டை போட்டிருக்காங்கப்பா."

"அந்த டீச்சர் எங்க லிஃப்ட்ல ஏறினதில்லை போல."

"இப்படியே அவளுக்கு ஒத்து ஊதுங்க" என்றாள் அம்மா. "நாளைக்கு வணிகவியல் வகுப்புல போயும் மிதப்பா. அங்க அவளைத் தூக்கி நிறுத்த உங்க பிரேக் வருமா?"

அப்பா விடைத்தாளை மடித்து வைத்துவிட்டுச் சாப்பிட்டார். தட்டை எடுக்கும்போது, "ஏன்டி, அந்த ஆளு நான்தானா?" என்று மெதுவாகக் கேட்டார். அவள் தலையாட்டினாள். அவருக்குச் சந்தோஷமா துக்கமா என்று அவருக்கே தெரியவில்லை. தட்டை இரண்டு தடவை கழுவினார்.

விடுமுறையின் முதல் நாளே அவளுடைய சினேகிதி வந்து சேர்ந்தாள். வகுப்பில் அவளுக்குக் கால்குலேட்டர் என்று பெயர். எந்தக் கணக்கைக் கொடுத்தாலும் மூச்சு விடுவதற்குள் விடையைச் சொல்லிவிடுவாள். கேள்வி என்னவென்று பிறகு கேட்டால் அவளுக்கே ஞாபகம் இருக்காது.

"ரொம்ப சுலபம்டி. ஆளை அழிச்சிடு. அவன் பேரு எம், வெறும் நிறை. அவ்வளவுதான். எம் மேல ஒரு கோடு, கீழ ஒரு கோடு, விடை."

"எம் எங்க போறான்?"

"எங்கேயும் போகலை! அவன் ஒரு எழுத்துடி, தாயே!"

அப்படியே செய்து பார்த்தாள். பென்சிலை எடுத்து, புத்தகத்தில் 'மனிதன்', 'சிறுமி', 'படகோட்டி' என்று வந்த இடத்திலெல்லாம் அடித்துவிட்டு எம் என்று எழுதினாள். விடைகள் வரத் தொடங்கின. சில சரியாகக்கூட இருந்தன. ஆனால் புத்தகம் திடீரென்று குடிபோன வீடு மாதிரி ஆகிவிட்டது. கோபுரம் இருந்தது, உச்சியில் ஆள் இல்லை. ஆறு ஓடியது, படகு சும்மா போனது. இதில் இன்னொரு தொல்லையும் சேர்ந்துகொண்டது. எம் எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது என்று அவளுக்குத் தெரியவில்லை. மேலே போகிறதா கீழே போகிறதா என்று குழம்பி, கூட்ட வேண்டிய இடத்தில் கழித்தாள். ஆள் இருந்தபோது விடை வரவில்லை, ஆளை விரட்டியபின் வந்த விடையில் பாதி தப்பு.

"உனக்கு ஆளும் ஆகலை, எம்மும் ஆகலை" என்று கால்குலேட்டர் தலையில் அடித்துக்கொண்டு போனாள். போகிற போக்கில், மிதப்பு கேட்டிருந்தபடி துணிப்பையில் போட்டுக் கொண்டுவந்திருந்த தன் வீட்டுக் குளியலறை எடை மெஷினைக் கொடுத்தாள். "எங்க அம்மா தேட மாட்டாங்க. அதைப் பார்த்தாலே அவங்களுக்கு எரிச்சல்."

அந்த மெஷினைக் கேட்டு வாங்கியது ஏன் என்று மிதப்புக்கே சரியாகத் தெரியாது. அந்த மனிதர் நின்ற இடத்தில் ஒரு தடவை தானும் நிற்க வேண்டும் என்று தோன்றியது, அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை அலுவலகங்கள் பூட்டியிருக்கும். துப்புரவுக்காரர்களுக்காக மதியம் மட்டும் லிஃப்ட் ஓடும். அப்பாவோடு அவளும் போனாள். கட்டிடம் காலியாக இருந்தது. மாடி ஜன்னல்கள் வழியாக விழுந்த வெயில் நடைபாதைகளில் நீளநீளமாகப் படுத்துத் தூங்கியது. எங்கேயோ ஒரு வாளி நகரும் சத்தம். லிஃப்டுக்குள் எண்ணெய் வாசனையும் பித்தளை பாலிஷ் வாசனையும் அப்பாவின் சட்டை வாசனையும் கலந்து கிடந்தன.

முக்காலியை நகர்த்தி, மெஷினைத் தரையில் வைத்தாள். "ஏறுங்கப்பா."

"செருப்போடவா?"

"எப்படி வேணா ஏறுங்க."

செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, புகைப்படம் எடுத்துக்கொள்ளப் போகிறவர் மாதிரி நிமிர்ந்து நின்றார். அவள் சம்மணம் போட்டுத் தரையில் உட்கார்ந்து, மெஷின் வட்டத்துக்கு நேராக முகத்தைக் கொண்டுபோனாள். அப்பா கம்பிக் கதவைச் சாத்தி, கைப்பிடியைத் திருப்பினார்.

லிஃப்ட் கிளம்பியது. முள் சட்டென்று ஏறியது. கொஞ்சம்தான், ஆனால் ஏறியது. பிறகு ஒன்றுமே நடக்காதது போல் பழைய இடத்துக்கு வந்து நின்றது. தளங்கள் ஒவ்வொன்றாகக் கம்பிக் கதவுக்கு வெளியே இறங்கிப் போயின. உச்சித் தளம் நெருங்கி லிஃப்ட் தயங்கியபோது முள் இறங்கியது. நின்றதும் மறுபடி பழைய இடம்.

"கீழ போங்கப்பா."

கீழே கிளம்பியதும் முள் சரிந்தது. அவளுக்கும் அடிவயிற்றில் அந்தச் சின்ன வெறுமை தெரிந்தது. பந்து உச்சியில் யோசிக்கிற கணம் இப்படித்தான் இருக்கும் போல என்று நினைத்துக்கொண்டாள்.

"அப்பா, இப்ப உங்களுக்கு ஏதாவது ஆச்சா?"

"எனக்கென்ன ஆகும்?"

"எடை குறைஞ்சுது."

"யாருக்கு?" அப்பா குனிந்து பார்த்தார். அதற்குள் முள் திரும்பி வந்துவிட்டிருந்தது. "நான் அப்படியேதான் இருக்கேன். உன் சினேகிதி வீட்டு மெஷின் கொஞ்சம் கிறுக்கோ?"

மறுபடி மேலே, மறுபடி கீழே. துப்புரவுக்கார அம்மாள் ஒருத்தி துடைப்பத்தோடு ஒரு தளத்தில் காத்திருந்தாள். தரையில் உட்கார்ந்திருந்த பெண்ணையும் செருப்பில்லாமல் மெஷின் மேல் நின்ற ஆப்பரேட்டரையும் பார்த்துவிட்டு, "உடம்பு இளைக்கணும்னா படியேறுங்க அண்ணே, இதுல நின்னா இளைக்காது" என்று சொல்லிப் படிக்கட்டுப் பக்கம் போனாள்.

மிதப்பு முள்ளைப் பார்ப்பதை விட்டுவிட்டாள். அப்பாவின் பாதங்களைப் பார்த்தாள். அகலமான பாதங்கள், பெருவிரல் கொஞ்சம் விலகியிருக்கும். லிஃப்ட் மேலே கிளம்பும்போது தரை அந்தப் பாதங்களை அழுத்தமாகப் பிடித்தது. கீழே கிளம்பும்போது பிடியைத் தளர்த்தியது. அவர் அவராகவே நின்றார். முள்ளில் ஏறியதும் இறங்கியதும் அவர் இல்லை. மெஷினுக்கு அப்பாவைப் பற்றி எதுவுமே தெரியாது. தரை அவரை எவ்வளவு தள்ளுகிறது என்பதுதான் அதற்குத் தெரியும்.

அப்படியானால் கயிறு அறுந்தால்?

வெயிலும் எண்ணெய் வாசனையும் சேர்ந்து கண்ணைச் சொக்கின. மனசுக்குள் ஆறு வடங்களையும் ஒவ்வொன்றாக அவிழ்த்துவிட்டாள். பிரேக்கையும் விட்டுவிட்டாள். லிஃப்ட் விழுந்தது, அப்பாவும் கூடவே விழுந்தார், ஒரே வேகத்தில், ஒன்றையொன்று அழுத்தாமல். செருப்பு மிதந்தது. முக்காலி மிதந்தது. அப்பாவின் பாதங்கள் மெஷினைத் தொட்டும் தொடாமல் இருந்தன. காலையிலிருந்து மாலைவரை ஊரைச் சுமந்த மனிதரை இப்போது யாரும் சுமக்கவில்லை, அவரும் யாரையும் சுமக்கவில்லை. அவர் முகத்தில் பயம் இல்லை. வெறும் ஆச்சரியம்தான் இருந்தது. முள் பூஜ்யத்தில் நின்றது.

"தூங்கிட்டியா?" என்றார் அப்பா.

"இல்லப்பா. பூஜ்யம்."

"என்னது?"

"அந்தக் கேள்விக்கு விடை பூஜ்யம். ஆனா உங்களுக்கு ஒண்ணும் ஆகலை. தரைதான் உங்களைத் தொடலை."

அப்பாவுக்குப் புரிந்ததோ இல்லையோ, செருப்பை மாட்டிக்கொண்டு மரியாதையாகத் தலையாட்டினார்.

அதற்குப் பிறகு அவள் யாரையும் அழிக்கவில்லை. பென்சில் கோடுகளையும் எம்களையும் ரப்பரால் தேய்த்து எடுத்து, ஆட்களை மறுபடி குடியமர்த்தினாள். கேள்வியை மட்டும் மாற்றிக்கொண்டாள். யாருக்காகக் காத்திருக்கிறாய், எங்கே போகிறாய் என்று கேட்பதற்கு முன்னால், உன்னை யார் தொடுகிறார்கள் என்று கேட்டாள். படகைத் தொடுவது தண்ணீர். பனித்தரையில் நிற்பவனைத் தொடுவது தரை ஒன்று, எதிரே நிற்பவனின் கை ஒன்று. கோபுரத்திலிருந்து விழும் கல்லைத் தொடுவது யாரும் இல்லை, பூமி மட்டும் தள்ளி நின்று இழுக்கிறது. தொடுகிறவர்களுக்கும் இழுக்கிறவர்களுக்கும் ஆளுக்கொரு அம்பு போட்டால், அந்த மனிதர் எந்தப் பக்கம் போவார் என்று அம்புகளே சொல்லின. அதற்கப்புறம் அவர் போகும் வழியெல்லாம் கூடப் போவதை யாரும் தடுக்கவில்லை. பாடப்புத்தகத்திலும் அம்பு போடும் படம் இருந்தது. டீச்சரும் பலகையில் போட்டிருந்தார். அன்றைக்கு அவள் மரத்தின் மேல் இருந்திருப்பாள்.

மறுதேர்வு ஒரு காலி வகுப்பறையில் நடந்தது. எழுத வந்தவர்கள் மூன்று நான்கு பேர்தான். டீச்சர் மேஜையில் வேறு விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தார். கேள்விகளில் ஒன்று, ஊஞ்சலில் ஆடும் ஒரு சிறுமியைப் பற்றியது. ஊஞ்சல் மிகத் தாழ்வான இடத்தைக் கடக்கும்போது பலகை அவளை எவ்வளவு விசையுடன் தாங்குகிறது?

மிதப்பு சிறுமியை வரைந்தாள். உன்னை யார் தொடுகிறார்கள்? பலகை. உன்னை யார் இழுக்கிறார்கள்? பூமி. இரண்டும் சமமா? சமம் என்றால் நேராகப் போய்விடுவாயே, வளைந்து மேலே எப்படிப் போவாய்? அப்போது பலகைதான் அதிகம். எவ்வளவு அதிகம் என்பது வேகத்தையும் கயிற்றின் நீளத்தையும் பொறுத்தது. எழுதினாள். எழுதிவிட்டு, சிறுமிக்கு ரெட்டைப் பின்னல் போட்டு, பின்னல்கள் காற்றில் பின்னால் பறப்பதையும் வரைந்தாள். அதற்குள் "நேரம் ஆச்சு" என்றார் டீச்சர். கடைசிக் கேள்வி கைக்கு வராமலே போனது. இரண்டு விடைகளில் அலகு எழுத மறந்திருந்தாள்.

முடிவு தெரிகிறவரை அம்மா தைத்த காலர்களில் நாலைந்து கோணலாக வந்தன. பிரித்துத் தைத்தாள். யாரிடமும் சொல்லவில்லை.

டீச்சர் அவளை ஆசிரியர் அறை வாசலுக்குக் கூப்பிட்டு விடைத்தாளை நீட்டினார். சிவப்பு மையில் இருந்த எண் தேர்ச்சிக்கோட்டை ஒட்டினாற்போல், ஆனால் கோட்டுக்கு இந்தப் பக்கம் இருந்தது.

"தப்பிச்சுட்டே" என்றார்.

"ஆமா டீச்சர்."

"அலகு எழுதியிருந்தா இன்னும் நல்லாத் தப்பிச்சிருப்பே. நியூட்டன்னு எழுத என்ன கஷ்டம்?" தாளைப் புரட்டினார். "இந்தப் பொண்ணுக்கு எதுக்குப் பின்னல்? அதுக்கு மார்க் கிடையாது."

"தெரியும் டீச்சர்."

"தெரிஞ்சுமா போட்டே?"

"அம்பெல்லாம் போட்டதுக்கப்புறம்தான் போட்டேன் டீச்சர்."

டீச்சர் தாளை இன்னொரு தடவை பார்த்தார். புடவையிலிருந்த சாக்பீஸ் தூளைத் தட்டிக்கொண்டார். "சரி, வகுப்புக்குப் போ. புதுப் பாடம்."

புதுப் பாடம் ஈர்ப்பு. மலையுச்சியில் நின்று ஒரு கல்லை இன்னும் இன்னும் வேகமாக எறிந்துகொண்டே போனால், ஒரு கட்டத்தில் அது தரையில் விழாமல் பூமியைச் சுற்றிச் சுற்றி விழுந்துகொண்டே இருக்கும் என்றார் டீச்சர். நிலாவும் அப்படி விழுந்துகொண்டிருப்பதுதான்.

ஜன்னலோர பெஞ்சில் உட்கார்ந்திருந்தவள் வெளியே பார்த்தாள். பட்டப்பகல். ஆனாலும் மரத்துக்கு மேலே வெளுத்த துண்டு நிலா ஒன்று, துடைக்க மறந்த சாக்பீஸ் கறை மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது. ஆதியிலிருந்து விழுந்துகொண்டிருக்கிறது, யாரும் தொடாமல், எங்கேயும் மோதாமல். அவள் அதோடு கொஞ்ச தூரம் விழுந்து பார்த்தாள்.

"ஏய், மிதப்பு" என்று கால்குலேட்டர் விலாவில் இடித்தாள். "டீச்சர் பார்க்கறாங்க."

டீச்சர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். அவள் கண் ஜன்னலில் இருந்தது. கை மட்டும் தாளில் சின்னதாக ஒரு வட்டம் போட்டு, அதிலிருந்து பூமியை நோக்கி ஒரே ஒரு அம்பை வரைந்துகொண்டிருந்தது. டீச்சர் கூப்பிடவில்லை. பலகைப் பக்கம் திரும்பி, பாடத்தைத் தொடர்ந்தார்.